கைமாற்று இரவுகள்

ஹார்லோ ஃபால்ஸ், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 3, 1993

அன்புள்ள அண்ணாவுக்கு லூசில் எழுதுவது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் தொடங்குமுன் டாக்டரிடம் காட்டு என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அந்த வரியை மட்டும் தாண்டிப் படித்திருப்பாய்.

ஒரு நல்ல செய்தி. நகரசபையும் நம் போலீஸ் யூனியனும் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டன. நீ வேலையில் இருந்தபோதே தொடங்கிய சண்டை அல்லவா? ஐந்து வருஷம் சம்பள உயர்வு இல்லாமல் ஓட்டியதற்கு, நடுவர் சொன்னபடி இப்போது எல்லாருக்கும் அரியர்ஸ் வரப்போகிறது. மொத்தமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை, ஆளாளுக்குத் தனிக்கணக்கு. யார் எத்தனை பகல், எத்தனை இரவு டூட்டி பார்த்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துப் போடுவார்களாம். ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. உன் கடைசி இரண்டு வருஷம் அதில் வருகிறது.

ஸ்டேஷனில் எல்லாரும் வராத பணத்தைச் செலவழித்து முடித்தாகிவிட்டது. துஃபோ படகு வாங்கி, அதற்குப் பெயரும் வைத்து, அந்தப் பெயர் பிடிக்காமல் மனைவியோடு சண்டையும் போட்டாகிவிட்டது. படகு இன்னும் கடையில்தான் இருக்கிறது.

என்ன செய்யப் போகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. உனக்குச் சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து மாடி வீடு காலியாகவே கிடக்கிறது. அங்கே குளிருக்கு இருந்த எண்ணெய் அடுப்பு செத்துவிட்டது. என் பணம் வந்ததும் மாடிக்குப் புது ஹீட்டர் வைப்பேன். நீ அங்கே வந்து இரு. நாற்பத்தைந்து வயதில் நான் இங்கே ஒரு சட்டியிலும், ஐம்பத்திரண்டு வயதில் நீ அங்கே ஒரு சட்டியிலும் தனித்தனியாக பீன்ஸ் வேகவைக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? ஒரு நாள் பூராவும் வண்டி ஓட்டினால் வந்துவிடுகிற தூரம்தான். அம்மாவின் அடக்கத்துக்கு வந்து அன்றே திரும்பினாயே, அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவில்லை.

யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
லூசில்

*

ஏரிக்கரை, வட மெய்ன்
அக்டோபர் 24

லூசிக்கு,

உசிரோட இருக்கேன். மழை வருமான்னு ரேடியோ சொல்றதுக்கு முன்னாடி என் முழங்கால் சொல்லிடுது. டாக்டர்கிட்ட காட்டி நல்லா இருக்கிறதைக் கெடுக்க இஷ்டமில்லை. உனக்கு அந்த மார்ச்சளி வராம இருக்கா? தலைக்குத் துணி கட்டிக்கோ.

நகரசபை குடுக்கிற பணத்தைக் கையில வாங்கி, கடிச்சுப் பார்த்து, அப்புறமா நம்பு. துஃபோ படகுல ஏறினா அது முழுகும்னு சொல்லு. அவன் எடைக்குக் கப்பல்தான் வாங்கணும்.

இங்க பக்கத்து வீட்டு ரெயால் ஒரு மூஸ் மானைச் சுட்டான். சுட்டது பெரிசில்ல, அதை இழுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் நாக்கு தள்ளிப் போச்சு. அவன் பொண்டாட்டி செசில், ப்ளோய் தோசை சுட்டுப் போட்டா. அம்மா கை மாதிரி இல்லை, ஆனா ஏழெட்டு தின்னேன்.

மாடியைச் சும்மா போடாதே, வாடகைக்கு விடு. புதுசா கல்யாணம் ஆனவங்களாப் பார்த்து விடு. தலைக்கு மேல கொஞ்சம் சத்தம் இருந்தா உனக்கும் நல்லது.

இப்போதைக்கு இவ்ளோதான்.
அர்மாண்ட்

*

ஹார்லோ ஃபால்ஸ்
நவம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மார்ச்சளி இல்லை. புதுமணத் தம்பதிகளும் இல்லை. மாடி உனக்காகக் காலியாகவே இருக்கிறது.

அரியர்ஸ் கிறிஸ்துமஸுக்குள் வரும் என்றார்கள், இப்போது எங்களுக்கு அடுத்த வருஷம்தான் என்கிறார்கள். முதலில் ஓய்வு பெற்றவர்களுக்கு, பிறகுதான் எங்களுக்கு. சம்பளப் பிரிவில் இரண்டே பெண்கள் பெயர் பெயராகக் கணக்குப் போடுகிறார்களாம். யூனியன் தலைவர் குசோன் கூட்டத்துக்குக் கூட்டம் பொறுமை, பொறுமை என்கிறார். ஆள் நின்று பேசுவதைப் பார்த்தால் அவருக்கே அது தீர்ந்துபோன மாதிரி இருக்கிறது.

இந்தக் கணக்கினால் இங்கே ஒரு வம்பு முளைத்திருக்கிறது. நம் ஆட்களின் கைமாற்று வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவனுக்கு அவசரம் என்றால் இன்னொருவன் அவன் இரவைப் பார்ப்பான். எழுத்து கிடையாது, மேலே சொல்வது கிடையாது, சார்ஜென்ட் வேறு பக்கம் பார்ப்பார். இரவுக்கு இரவுதான் திருப்பிக் கொடுப்பது. கொடுத்தவன் கேட்கக் கூடாது, வாங்கியவன் மறக்கக் கூடாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்க வேண்டுமோ அதுதான் இருக்கும். ரோந்து வண்டியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. இப்போது அந்தப் பதிவேட்டை வைத்துப் பணம் வருகிறது என்றதும் எல்லாருக்கும் பழைய இரவுகள் ஞாபகம் வந்துவிட்டன.

டெஸியே மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் இரவுகளை அவன் கூட்டாளி பாயில்தானே பார்த்தான்? அந்தப் பணம் டெஸியே பெயரில் வரப்போகிறது. அவன் முன்கூட்டியே ஒரு உறையில் ரொக்கம் போட்டு, உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் நீட்டினான். பாயில் அதை அவன் மேலேயே எறிந்தான். “என்னை என்ன வாடகைக் கார்னு நெனச்சியா?” என்று கேட்டான். அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

நல்லவேளை, நமக்குள் அந்த வம்பு கிடையாது. நீ வேலைக்கு வரும் நிலையில் இல்லாத அந்தக் குளிர்காலம், வாரத்தில் மூன்று இரவு உன் வண்டியை நான் ஓட்டினேன். அந்தப் பணம் உன் பெயரில் வரும். அது உன்னுடையது. அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம். நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

ரெயாலுக்கும் செசிலுக்கும் என் அன்பு.

லூசில்

*

ஹார்லோ ஃபால்ஸ்
டிசம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வடக்கே பனி அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள், தபால் வண்டி சிக்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இத்துடன் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். மாவுக்குள் கறி வைத்துச் சுடும் கறிப் பை செய்தேன். பழக்கதோஷத்தில் இரண்டு செய்துவிட்டேன். ஒன்றை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன், துஃபோ தட்டையும் நக்கிவிட்டான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னேன். எல்லாரும் எனக்குப் பெரிய மனது என்றார்கள்.

ரெயால் வீட்டு டெலிபோன் நம்பரை அனுப்பு. வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு வரி எழுது.

லூசில்

*

ஏரிக்கரை
ஜனவரி 9, 1994

லூசிக்கு,

காலுறை சரியா இருக்கு. ஏரி ஐஸா நல்லா இறுகிடுச்சு, மேல லாரியே ஓடுது. நான் நல்லா இருக்கேன். நீயும் அப்படியே இருக்கணும்.

அர்மாண்ட்

*

ஹார்லோ ஃபால்ஸ்
ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் நான்கு வரியும் வந்தது. திருப்பித் திருப்பிப் படித்தும் நான்கு வரிதான் இருந்தது.

எங்கள் பணம் இன்னும் வரவில்லை. மார்ச் என்கிறார்கள். ஆனால் ஓய்வு பெற்றவர்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு முன்பே செக் போய்விட்டது என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். வயர்லெஸ் அறையில் இருந்தாளே மூரியல், போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள், அவளுக்கு வந்துவிட்டது. அதில் புதுப் பல் கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொருவரிடமும் சிரித்துக் காட்டுகிறாள். உனக்கும் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் சொல், குசோனிடம் கேட்கிறேன்.

மறைப்பானேன், நான் கேட்க வந்தது செக்கைப் பற்றி இல்லை. நீ மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாயோ என்று ஒரு பயம். நான்கு வரிக் கடிதம் வந்தால் என் புத்தி அங்கேதான் போகிறது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்புவேன். ஆமாம் என்றாலும் எழுது.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. டூட்டி முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். மேஜையில் தட்டு வைத்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ வருவாய் என்று நினைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

முழங்காலைக் குளிரில் காட்டாதே.

லூசில்

*

ஏரிக்கரை
பிப்ரவரி 27

லூசில்,

குடிக்கலை. அதை விட்டு இது நாலாவது வருஷம். ரெயாலைக் கேட்டுக்கோ.

செக் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்திடுச்சு. கடுதாசியில சொல்லலை. பாங்கில போடலாம்னு ரெண்டு தடவை டவுனுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போய்ட்டு மண்ணெண்ணெய் மட்டும் வாங்கிட்டுத் திரும்பிட்டேன்.

வண்டி ஓட்டினது நீ. பகல்ல உன் வேலை, ராத்திரியில என் வேலை. எத்தனை ராத்திரின்னு எனக்குத் தெரியாது. எண்ணி வச்சுக்கிற நிலையில நான் இல்லை. அதனால பிரிச்சு அனுப்ப வழி தெரியலை. பின்பக்கம் கையெழுத்துப் போட்டு முழுசா உனக்கே அனுப்பறேன். எடுத்துக்கோ.

இதைப் பத்தி நீயும் எழுத வேண்டாம்.

அர்மாண்ட்

*

ஹார்லோ ஃபால்ஸ்
மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ குடிக்கவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு நேரே சர்ச்சுக்குப் போனேன். அதற்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உனக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அடுத்த பத்தியைப் படித்ததும் கோபம் வந்தது. ஏண்ணா, உன் இரவை வேறு யாரோ பார்த்தார்களா? உன் சொந்தத் தங்கைக்குக் கூலி கொடுக்கிறாயா? நாளைக்கு அம்மா செய்துபோட்ட சோற்றுக்கும் கணக்குப் போடுவாயா? நான் பாயிலைப் போல எதையும் முகத்தில் எறியமாட்டேன். உன் செக்கை மரியாதையாக மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பாங்கில் போடு. அங்கே உன் கூரை ஒழுகுகிறது என்று தெரியும், அதைச் சரி செய்.

அந்த இரவுகளை நான் சந்தோஷமாகக் கொடுத்தேன். எனக்கு ஒரு பைசா வேண்டாம். இத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் பணம் மார்ச்சிலும் இல்லையாம். மாடி ஜன்னல்களைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

லூசில்

*

ஹார்லோ ஃபால்ஸ்
ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாக நீ பேசவில்லை. இந்தத் தடவை தபால் வண்டியின் மேல் பழி போடவில்லை. உடம்பு நன்றாக இருக்கும் என்றே நம்புகிறேன்.

நேற்று யூனியன் ஹாலில் சனிக்கிழமை விருந்து. பீன்ஸ், பன்றித் தொடை, குசோனின் பேச்சு. எங்கள் பணம் ஜூனில் வருமாம். யாரும் கைதட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் டெஸியே உட்கார்ந்திருந்தான். எதிரே இடம் இருந்தும் பாயில் அடுத்த மேஜைக்குப் போனான். அவன் போனதும் டெஸியே தட்டைப் பார்த்தபடி ஒன்று சொன்னான். “பணத்தை வேண்டாம்னு சொல்லி அவன் பெரிய மனுஷன் ஆயிட்டான் லூசில். நான் என்ன ஆனேன்? இந்த ஜென்மம் பூரா அவனுக்குக் கடன்காரன். அதுக்கப்புறம் எப்படி ஒண்ணா உட்கார்ந்து காபி குடிக்கிறது?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நீ ஏன் ஒரு பகல்கூட இங்கே தங்குவதில்லை என்று நான்கு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் உன்னிடம் இருப்பதாகவே நினைத்தேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் மூரியல் இருந்தாள். அவளிடம் உன் பேச்சு வந்தது. செக்கைத் திருப்பி அனுப்பியதை அவளிடம் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் ஒரு தட்டை நெடுநேரம் துடைத்தாள்.

“அந்தக் குளிர்காலம் உன் அண்ணன் வீட்டுல படுத்துத் தூங்கினான்னா நெனச்சிட்டிருக்கே?” என்றாள். “என் வயர்லெஸ் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல உட்கார்ந்திருப்பான். குடிச்ச நாத்தம் ரூம் பூரா அடிக்கும். நீ வண்டியை விட்டு இறங்கறேன்னு வயர்லெஸ்ல சொன்னா எந்திரிச்சு நின்னுடுவான். திரும்ப ஏறிட்டேன்னு நீ சொல்ற வரைக்கும் உட்கார மாட்டான். சில நாள் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கைமாத்து விஷயத்தைப் பேசறதில்லைன்னு உனக்குத் தெரியாதா? அதுவுமில்லாம சத்தியம் வாங்கிட்டான்.”

இப்போது மட்டும் ஏன் சொல்கிறாய் என்றேன். “வேலையும் போச்சு, பல்லும் புதுசு. இனி என் வாயை யார் கட்டுறது?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கால்வாயில் மூழ்கிப்போன அந்தச் சிறுமியை நீ தூக்கி வந்த நாளிலும் அதே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தாய் என்றாள். சட்டையெல்லாம் ஐஸ் பிடித்திருந்ததாம். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த வண்டியில் ஏற முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அதை நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நம் வீட்டில் யார் கற்றுக்கொடுத்தார்களோ.

நான் மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். பொய். ஒவ்வொரு இரவும் ஞாபகம் இருக்கிறது. பாலத்தின் மேல் பனியில் வண்டி வழுக்கியது, மதுக்கடை வாசலில் ஒருவன் என் மேல் வாந்தி எடுத்தது, விடிந்ததும் அதே சட்டையோடு பகல் டூட்டிக்குப் போனது. கடினமாக இருந்தது அண்ணா. உன் மேல் கோபமும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல், சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று எழுதி உன் வாயை அடைத்துவிட்டேன்.

ஆகவே கணக்குப் போட்டுவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதற்கும், வாரம் மூன்று இரவு, நடுவர் சொன்ன உயர்வின்படி. இரண்டு வாரம் ஃப்ளூவில் படுத்தேன், அதைக் கழித்திருக்கிறேன். தொகை இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. தள்ளுபடி கிடையாது. செக்கைப் பாங்கில் போடு, என் பங்கை அனுப்பு, மீதி உன்னுடையது. என் பணத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு நீ எதுவும் தரவேண்டியதில்லை. வரவேண்டும் என்றுகூட இல்லை.

கூரையைச் சரி செய். முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
லூசில்

*

ஏரிக்கரை
மே 8

லூசிக்கு,

முழங்கால் பரவாயில்லை. ஐஸ் போன வாரம் உடைஞ்சுது. நீ எப்படி இருக்கே? நிக்காம உட்கார்ந்து சாப்பிடு.

இத்தோட செக் வச்சிருக்கேன். உன் கணக்குப்படி, ஒரு சென்ட் குறையாம. ரெயால் பொண்டாட்டி கணக்குல கெட்டி, அவகிட்ட கூட்டிப் பார்க்கச் சொன்னேன். சரியாத்தான் இருக்காம், ஆனா உன் தங்கச்சி ரொம்பக் கறார்னு சொன்னா. பாங்குல அந்தச் செக்கைக் குடுத்ததும் அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, எங்கய்யா வச்சிருந்தீங்க இத்தனை நாள், மண்ணெண்ணெய் வாடை அடிக்குதேன்னா.

மூரியலுக்கு எப்பவுமே வாய் ஓட்டை. பல் கட்டினவன் ஒழுங்காக் கட்டலை.

அவ சொன்னதுல ஒண்ணு தப்பு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது சில நாள் இல்லை, எல்லா நாளும்.

இங்க ரோடெல்லாம் சேறு. காஞ்சதும் புறப்படறேன். இந்த மாசக் கடைசி ஆகும். தங்கறதுக்கா, பார்த்துட்டுப் போறதுக்கான்னு கேட்காதே, எனக்கே தெரியலை. ஒரு பைதான் கொண்டு வர்றேன். ஹீட்டருக்கெல்லாம் அவசரப்படாதே, அதான் வெயில் வருதே.

நான் வர்ற நேரம் நீ டூட்டியில இருப்பே. லீவு போடாதே. சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்து வைக்காதே, ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாதே, அங்க வர என்னால இன்னும் ஆகாது. உன் வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அதுலயே உட்கார்ந்திருக்கேன். நேரம் ஆனாலும் போயிட மாட்டேன். நீ வந்து கதவைத் திற.

அர்மாண்ட்